அடுக்கிய படத்தில் இல்லாத வெளிச்சம்

அத்தியாயம் ஏழு

பொழுது சாய்வதற்குள் ஜக்கையனின் ஜீப்பைக் கொளுத்துவது என்று ஏலத்தோட்டத்து மேல் லயத்தில் குடியிருக்கும் ஆட்கள் முடிவு பண்ணிவிட்டார்கள். ஜக்கையனை உள்ளே வைத்தா, வெளியே நிறுத்தியா என்பதில் மட்டும்தான் குரங்கணி ஜீப் ஸ்டாண்டில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"உள்ள வச்சாத்தான்க்கா நல்லது" என்றான் மகாராஜன், போடியில் ஒரு வீட்டு மாடிப் படியேறிக்கொண்டே. "இத்தனை வருசம் அந்த ஜீப்பை விட்டு எறங்காதவன். வெளிய நின்னு அது எரியறதப் பாத்தா அவனுக்குத் தாங்காது."

முன்னால் ஏறிக்கொண்டிருந்த சுஃபியா திரும்பிப் பார்க்கவில்லை. "உன் சேக்காளிதானே அவன்?"

"அதனாலதான் இவ்வளவு அக்கறையா யோசிக்கிறேன்."

வாய்தான் அப்படிப் பேசியது. ஜக்கையனும் அவனும் ஒரே ஸ்டாண்டில் ஜீப் ஓட்டி, ஒரே இலையில் சோறு பிசைந்து தின்றவர்கள். மலை ரோட்டில் குலுங்கிக் குலுங்கி மகாராஜனின் இடுப்பு போனது. அதற்குப் பிறகு அவன் சுஃபியாவிடம் வந்து சேர்ந்தான். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்ச் சாவு, பொய்த் தீ விபத்தையெல்லாம் கண்டுபிடித்தே தலை நரைத்தவள் சுஃபியா. வேலையை விட்ட பிறகு போடியில் அண்ணன் அப்துல் சமதுவின் ஏலக்காய்க் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருந்தாள். அவளுக்கு மூளை, இவனுக்கு ஸ்டியரிங், வாய் உபரி.

விஷயம் இதுதான்.

போன அமாவாசையன்று, பொழுது மயங்கும் நேரத்தில், மேல் லயத்து வீரணன் பெண்சாதி அனுசியாவை ஏலச் செடி மூட்டில் விரியன் கடித்தது. அங்கே செல்போன் எடுக்காது. யாருக்காவது முடியாமல் போனால், லயத்து மேட்டில் ஏறி நின்று பெரிய டார்ச்சை வட்டமாகச் சுத்துவது அந்த மலையின் வழக்கம். கீழே ஸ்டாண்டில் முறைக்கு ஒரு ஜீப் ராத்திரி படுத்திருக்கும். வட்டத்தைப் பார்த்ததும் டிரைவர் ஹெட்லைட்டை மேல் பார்க்கப் போடுவார், ஒரு பீடி பற்றவைக்கிற நேரம். அணைப்பார், அதைப்போல ரெண்டு மடங்கு நேரம். மறுபடி ஒரு தரம் போடுவார். 'வர்றேன்' என்று அர்த்தம்.

வீரணன் சுத்தினான். கீழேயிருந்து பதில் வந்தது. ஜீப் வரவில்லை. விடியும்போது அனுசியா கறுத்துப்போய்க் கிடந்தாள்.

அன்றைக்கு முறை ஜக்கையனுடையது. அவன் ஒரே சாதிப்பாகச் சாதித்தான். "நான் எந்த வெளிச்சத்தையும் பாக்கல, எந்தப் பதிலும் குடுக்கல. கீழ ஒரே மூட்டமா இருந்துச்சு." மேல் லயத்தில் அத்தனை பேரும் வானம் நிறைய நட்சத்திரம் பார்த்தவர்கள். மூட்டமாம்! குடித்துவிட்டுப் படுத்தவனுக்கு எல்லாம் மூட்டம்தான் என்றார்கள். மற்ற டிரைவர்கள் அன்று போடியில் வீட்டில் இருந்தவர்கள், சாட்சிக்கு ஆள் இல்லை.

ஒரே ஒரு ஆள் இருந்தார். அவர் வீட்டுப் படியைத்தான் இப்போது ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ஈஸ்வரன் கதவைத் திறந்தார். ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பிள்ளை, கீழே குடோன், மேலே ஏசி ரூம். அந்த அமாவாசை ராத்திரி முழுக்க, மலைக்கு நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் மொட்டைப் பாறை மேல் கேமராவை நிறுத்தி வானத்தைப் படம் எடுத்தவர். அந்தப் படத்தை இன்டர்நெட்டில் போட்டபோது போடியே வாயைப் பிளந்தது. இப்போது அது அவர் சுவரில் ஒரு கதவு அகலத்துக்குத் தொங்கியது.

மகாராஜனுக்கும் வாய் பிளந்துதான் போனது. இடது பக்கம் மலை முதுகு கறுப்பாய் ஏறிப் போகிறது. அதன் உச்சியில்தான் மேல் லயம். வலது பக்கம் பள்ளத்தாக்கு, பாலைக் கொட்டி ஆறவிட்ட மாதிரி வெள்ளை. முன்னால் ஓரத்தில் ஒரு புதர். மற்றதெல்லாம் நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம்.

"நீங்களே பாருங்கக்கா" என்றார் ஈஸ்வரன். "மேல ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கா? கீழ இருக்கா? ராத்திரி பூரா எடுத்த படம் இது."

"வீரணன் டார்ச் சுத்துனேங்கிறான். பதில் வந்துச்சுங்கிறான்."

"பாவம், பதில் வந்துட்டா ஆளைத் தூக்கக் கூடாதுல்ல, அதான் உக்காந்துட்டேன்னு சொல்லுவான். பொண்டாட்டி செத்தா எதையாவது சொல்லித்தானே ஆகணும்? அவன் பொய் சொல்றான்னு நான் சொல்ல மாட்டேன். படம் சொல்லுது."

மகாராஜனுக்குச் சுருக்கென்றது. ஜக்கையனைக் காப்பாற்ற வந்த இடத்தில், அவன் கழுத்தில் இருக்கும் கயிறு அப்படியே வீரணன் கழுத்துக்கு மாறுகிறது. பெண்சாதி துடிக்கும்போது டார்ச்சைக்கூடத் தூக்காதவன் என்று ஆகிவிடும்.

சுஃபியா முகத்தில் ஒன்றும் இல்லை. கைப்பையைத் திறந்து மூடினாள். அது மகாராஜனுக்குத் தெரிந்த சைகை. உன் கை சும்மா இருக்கக் கூடாது என்று அர்த்தம்.

அவன் அலமாரியிலிருந்த கேமராவை எடுத்தான்.

"ஏய், தொடாதீங்க!"

"எம்புட்டு கனம்ணே! கல்லு வச்சு எடை போட்ட மாதிரி. எங்கிட்டு ரோல் போடுவீக?"

ஈஸ்வரன் சிரித்துவிட்டார். "ரோலா? எந்தக் காலத்துல இருக்கீங்க? கார்டு. அந்தப் பக்கம் மூடி இருக்கு பாருங்க."

"கார்டுன்னா... ரேசன் கார்டா?"

"வச்சிருங்கய்யா முதல்ல. அமாவாசைக்குப் பிறகு ஒரே மழை மேகம். அதை நானே தொடல."

மகாராஜன் பயபக்தியோடு திரும்ப வைத்தான்.

"ஈஸ்வரன் தம்பி" என்றாள் சுஃபியா, படத்தின் பக்கத்தில் போய் நின்று. "எங்க வீட்டு மொட்டை மாடியில படுத்தா, கொச்சிக்குப் போற பிளேன் ஒண்ணு மாத்தி ஒண்ணு போய்க்கிட்டே இருக்கும். ராத்திரி பூரா எடுத்த படம்ங்கிறீங்க. ஒரு பிளேன்கூட இல்லையே?"

ஈஸ்வரன் முகம் மலர்ந்தது. தன் தொழிலைக் கேட்டால் மலராதவன் யார்?

"அதாங்கக்கா விஷயமே. இது ஒரு படம் இல்ல. சின்னச் சின்னதா, பத்துப் பதினஞ்சு செகண்டுக்கு ஒண்ணா, நூத்துக்கணக்குல எடுத்தது. தனிப் படம் பாத்தா சகிக்காது. புள்ளி புள்ளியா அழுக்கா இருக்கும். எல்லாத்தையும் சாஃப்ட்வேர்ல போட்டு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கணும்."

"நட்சத்திரம் நகருமேண்ணே" என்றான் மகாராஜன்.

"பரவால்லையே! நகரும். சாஃப்ட்வேர் ஒவ்வொரு படத்தையும் லேசாத் திருப்பி, ஒரு நட்சத்திரத்து மேல அதே நட்சத்திரம் உக்கார்ற மாதிரி பொருத்தும். அப்படித் திருப்புனா மலை கலங்கிப் போகும். அதனால மலையைத் தனியா அடுக்கி ஒட்டணும். அடுக்க அடுக்க அழுக்கு கரையும். எல்லாப் படத்துலயும் இருக்கறது மட்டும் நிக்கும். பிளேனு ஒண்ணு ரெண்டு படத்துலதானே வரும்? அதை அதுவே தூக்கி எறிஞ்சிடும்."

"கங்காணி மாதிரின்னு சொல்லுங்க" என்றான் மகாராஜன். "தெனம் வர்றவன் பேரு நிக்கும். காய்ச்சல்ல படுத்து அப்பப்ப வர்றவன் பேரை வெட்டிருவாரு."

"ம்... அப்படியும் சொல்லலாம்."

"அப்ப டார்ச் வெளிச்சத்தையும் வெட்டிருக்கும்" என்றாள் சுஃபியா.

ஈஸ்வரனின் சிரிப்பு போகவில்லை. ஆனால் அது இருந்த இடத்திலேயே உறைந்து நின்றது.

"நீங்க காட்டுறது மலையில நடந்தது இல்ல தம்பி. கழிச்சது போக மிச்சம். எனக்குக் கழிச்சதுதான் வேணும். தனித்தனிப் படத்தைக் கொண்டாங்க."

"அடுக்கி முடிச்சதும் அழிச்சிட்டேங்கக்கா. எடம் அடைக்கும்ல?"

"கம்ப்யூட்டர்ல அழிச்சீங்க. கார்டுல?"

ஈஸ்வரன் அலமாரிக்குப் பாய்ந்தார். கேமராவின் பக்கவாட்டு மூடி ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே வெறும் பொந்து.

"பதறாதீகண்ணே" என்றான் மகாராஜன். "ரேசன் கார்டு எங்கிட்ட பத்திரமா இருக்கு."

சுஃபியா தன் லேப்டாப்பை மேஜையில் விரித்திருந்தாள்.

தனிப் படங்கள் அழுக்காகத்தான் இருந்தன. மகாராஜன் பொத்தானை அமுக்க அமுக்க ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. கறுப்பு மலை. கறுப்பு மலை. ஒன்றில் பிளேன் ஒரு கோடு கிழித்துக்கொண்டு போனது. மறுபடி கறுப்பு மலை.

பிறகு, உச்சியில், ஒரு வட்டம்.

டார்ச்சைச் சுத்தினவன் தெரியவில்லை. சுத்தின தடம் மட்டும் ஒரு மஞ்சள் வளையலாகப் பதிந்திருந்தது. அடுத்ததில் இன்னொரு வளையல், கொஞ்சம் கோணலாக. அடுத்தது பெரிசு. அடுத்தது கை தளர்ந்த மாதிரி நீள்வட்டம். அதற்கடுத்தது மறுபடி பெரிசு.

மகாராஜன் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான்.

"வீரணன் பொய் சொல்லல" என்றாள் சுஃபியா. "சரி, பதில் குடுத்தது யாரு? இந்த வெள்ளையைப் பாரு மகாராஜா. எல்லாப் படத்துலயும் இருக்கு, அதான் அடுக்குனதுலயும் நிக்குது. பள்ளத்தாக்கு முழுக்க மேகம். அதுக்கு அடியிலதான் குரங்கணி ஸ்டாண்டு. ஜக்கையன் சொன்ன மூட்டம். இதுக்குக் கீழ இருந்து ஹெட்லைட்டு இல்ல, கலங்கரை விளக்கமே போட்டாலும் மேல தெரியாது. பதில் குடுத்தவன் மேகத்துக்கு மேல இருந்தவன்."

"அப்படின்னா..."

"அமுக்கு."

அடுத்த படத்தில் வளையல் இருந்தது. கூடவே முன்னால் ஓரத்திலிருந்த புதர், பளீரென்று, இலை இலையாய் வெள்ளையாய் எரிந்தது. கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரோ மேல் பார்க்க வெளிச்சம் அடித்திருக்கிறார்கள்.

அடுத்தது இருட்டு. புதரும் இல்லை. வளையல் சின்னதாய், பாதியில் நின்றிருந்தது.

அடுத்தது மறுபடி புதர், வெள்ளையாய்.

அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. மலை உச்சியில் வளையல் வரவே இல்லை. சுத்தமான வானம்.

"சரி, நான்தான் அடிச்சேன்" என்றார் ஈஸ்வரன். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எவனோ லைட்டை ஆட்டி என் படத்தைக் கெடுத்தான். அணைடான்னு அடிச்சேன். அணைச்சான். வழக்கம் கிழக்கம் எல்லாம் எனக்கென்ன தெரியும்?"

"அணைக்கச் சொல்ற ஆளு டக்கு டக்குன்னு ஒரே மூச்சுல அடிப்பான்ணே" என்றான் மகாராஜன். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "எல்லாம் ஒரே படத்துக்குள்ள அடங்கியிருக்கும். நீங்க ஒரு பீடி நேரம் காட்டியிருக்கீக. முழுசா ஒரு படம் இருட்டா வர்ற அளவுக்கு மூடியிருக்கீக. மறுபடி காட்டியிருக்கீக. நான் ஸ்டாண்டுல எத்தனை ராத்திரி குடுத்த பதில் இது. இது அணைன்னு சொல்ற வெளிச்சம் இல்ல. வர்றேன்னு சொன்ன வெளிச்சம்."

"தற்செயல்."

"பதில் வந்துட்டா ஆளைத் தூக்கக் கூடாது" என்றாள் சுஃபியா மெதுவாக. "ஒரு தடவை டோலி ஒத்தையடிப் பாதையில எறங்க, ஜீப்பு ரோட்டுல ஏற, ரெண்டும் ஒண்ணையொண்ணு தவறவிட்டு ஒரு உசுரு போச்சு. அப்ப வச்ச ஊர்க்கட்டுப்பாடு அது. பதில் வரலைன்னா டோலி கட்டித் தூக்கிருவாங்க. வந்தா ரோட்டு மொனையிலயே காத்திருக்கணும். ஜீப் டிரைவருங்களைத் தவிர போடியில அது யாருக்கும் தெரியாது. எனக்கே மகாராஜன் நேத்துதான் சொன்னான். இந்த ரூமுக்குள்ள வந்ததுலேருந்து நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்தி வாயே திறக்கல. நீங்கதான் சொன்னீங்க."

ஈஸ்வரன் தன் படத்தைப் பார்த்தார். அதன் மேல் ஒரு தூசு இருந்தது போலும், எழுந்து போய் விரலால் துடைத்தார்.

"எங்க தாத்தா எஸ்டேட்டு அங்கதான் இருந்துச்சு" என்றார். "சின்ன வயசுல லீவுக்குப் போவேன். பதில் போடாம அவனுங்க நிறுத்த மாட்டானுங்கன்னு தெரியும். அக்கா, அப்படி ஒரு வானம் எப்பக் கெடைக்கும்? கீழ மேகம், மேல சுத்தம், நிலா இல்ல. கெடச்ச அன்னைக்கு அவன் நின்னு ஆட்டிக்கிட்டிருக்கான். ஏதோ பிள்ளைக்கு வயித்தவலியா இருக்கும்னு நெனச்சேன்."

"நெனச்சீங்க."

"விரியன் கடிக்கு அவ எப்படியும் செத்திருப்பா."

"டோலியில தூக்கியிருந்தா பாதி ராத்திரியில போடி ஆஸ்பத்திரி. கடிச்சு அவ்வளவு நேரத்துல வந்து பொழைச்சவங்க கிளெய்ம் பேப்பரை நான் கட்டுக்கட்டாப் பாத்திருக்கேன்."

"கொண்டுபோய்க் காட்டுங்க" என்றார் ஈஸ்வரன். மறுபடி அதே சிரிப்பு. "பாறை மேல டார்ச் அடிச்சதுக்கு என்ன கேசுன்னு எனக்கும் சொல்லிட்டுப் போங்க."

குரங்கணி ரோட்டில் கார் ஏறும்போது மகாராஜன் கியரை மாற்றிக்கொண்டே சொன்னான்.

"அக்கா, ஜக்கையன் பதில் குடுக்கலன்னு மட்டும் சொல்லுவோம். யாரு குடுத்தான்னு சொல்ல வேணாம். பதிலை நம்பித்தான் வீரணன் உக்காந்தான். அது பொய்ப் பதிலுன்னு தெரிஞ்சா..."

"நம்ம பேச்சை அவங்க நம்ப மாட்டாங்க. நம்பணும்னா படத்தைக் காட்டணும். காட்டுனா வளையல் நின்ன எடத்தையும் வீரணன் பாப்பான்."

"ஒருத்தனை எரிக்காம இருக்க இன்னொருத்தனை எரிக்கணும்."

"வெரசா ஓட்டு. பொழுது சாயுது."

ஸ்டாண்டில் பேச்சு ஒரு முடிவுக்கு வந்திருந்தது. ஜக்கையனை உள்ளேதான் வைத்திருந்தார்கள். லோடு கட்டும் அவனுடைய கயிற்றாலேயே கைகளை ஸ்டியரிங்கோடு கட்டியிருந்தார்கள். விரல்கள் வாழைப்பழம் மாதிரி வீங்கிக் கிடந்தன. பானட்டின் மேல் பெட்ரோல் கேன். பக்கத்தில் வீரணன், கையில் தீப்பெட்டி. அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. சந்தையில் தன் முறைக்காக நிற்கிற ஆளைப் போல நின்றான்.

"மாப்ளே" என்றான் ஜக்கையன், உதடு கிழிந்த வாயால். "வந்துட்டியா?"

"நான் வர்றதுக்குள்ள நீ எரிஞ்சிருப்பேன்னு பாத்தேன். உனக்கு எதுலயும் சுறுசுறுப்பு கெடையாது" என்றான் மகாராஜன். அவன் கண் நிறைந்துவிட்டது.

சுஃபியா லேப்டாப்பை பானட்டின் மேல் வைத்தாள். கேனை நகர்த்தித்தான் இடம் பண்ண வேண்டியிருந்தது. கூட்டம் நெருங்கியது. படம் அடுக்குவதை, மிசின் கழித்துப் போடுவதை, மேகத்துக்கு அடியில் ஸ்டாண்டு கிடந்ததை அவள் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். மகாராஜன் பொத்தானை அமுக்கினான்.

முதல் வளையல் வந்ததும் வீரணன் குனிந்தான். "இது நான்" என்றான். அடுத்தது. "இதும் நான்." கோணல் வளையல் வந்தபோது, "கல்லு இடறிருச்சு" என்றான்.

புதர் எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

"இது ஜக்கையன் ஜீப்பு இல்லப்பா" என்றாள் சுஃபியா. "பாறை மேல படம் எடுத்த ஆளு. உன் வெளிச்சத்தை நிறுத்தணும்னு, தெரிஞ்சே குடுத்தது. மேலேருந்து இருட்டுல பாத்தா மேகமும் தெரியாது, பாறையும் ஸ்டாண்டும் ஒரே தெசைதான். உன் மேல தப்பு இல்ல."

மகாராஜன் கையை எடுக்க மறந்துவிட்டான். படங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. சுத்தமான வானம். சுத்தமான வானம். சுத்தமான வானம்.

"இதுக்கு அப்புறம் இன்னும் இருக்கா?" என்றான் வீரணன்.

"நெறைய இருக்குண்ணே. விடியுற வரைக்கும்."

"இதுல எல்லாம் அவ உசுரோடதான் இருந்தா." அவன் திரையைத் தொட்டான், மலை உச்சியில் ஒன்றுமில்லாத இடத்தை. "வெளிச்சம் வந்துருச்சுல்ல, இனி ஆட்டாதீக, கை வலிக்கும்னு சொன்னா. அதான் நிறுத்துனேன்."

வீரணன் சுஃபியா பக்கம் திரும்பினான்.

"அக்கா, கொஞ்சப் படத்துல மட்டும் இருந்தா மிசினு தூக்கிப் போட்டுரும்னீகளே. நான் விடாம ஆட்டியிருந்தா, அந்தப் பெரிய படத்துல நாங்க நின்னுருப்பமா?"

சுஃபியா கை நீட்டி, ஓடிக்கொண்டிருந்த படங்களை நிறுத்தினாள்.

வீரணன் தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டான். ஜக்கையனின் கயிற்றை அவிழ்த்தான். பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு முன் சீட்டில் ஏறி, அதை மடியில் வைத்துக்கொண்டான். "போடிக்கு விடு" என்றான். ஜக்கையனின் வீங்கின விரலால் சாவியைத் திருப்ப முடியவில்லை. வீரணனே கை நீட்டித் திருப்பிக்கொடுத்தான்.

"வீரணா, எறங்கு!" சுஃபியா ஜீப்பின் முன்னால் போய் நின்றாள். "கார்டு எங்கிட்ட இருக்கு. போலீசுக்குப் போவோம்."

"டார்ச் அடிச்சதுக்கு என்னக்கா கேசு?" என்றான் வீரணன்.

என்ஜின் உறுமியது. சுஃபியா இரண்டு கையையும் பானட்டில் ஊன்றினாள். "மகாராஜா! வந்து பக்கத்துல நில்லு! ரெண்டு பேரு நின்னா ஜக்கையன் ஏத்த மாட்டான்!"

மகாராஜன் லேப்டாப்பை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அந்தப் பாறையை நிமிர்ந்து பார்த்தான்.

பிறகு சுஃபியாவின் பக்கத்தில் போனான். அவள் தோளைப் பிடித்து, மெல்ல, ரோட்டின் ஓரத்துக்கு இழுத்தான்.